முப்பது என்றால் கீச்

போன வாரம் முழங்கால் மாத்திரை வாங்க மாத்தளை டவுனுக்குப் போனேன். மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள். கவுண்டருக்கு அடியில், கால் படுகிற இடத்தில், தூசி படிந்த கறுப்புப் பெட்டி ஒன்று கிடந்தது. கரண்ட் ஒரு நொடி தளர்ந்திருக்க வேண்டும். பெட்டி கீச்சென்றது. கொஞ்சம் விட்டு மறுபடியும் ஒரு கீச். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

"பிள்ள, கீழ அந்தப் பெட்டி கத்துது. என்னான்னு பாருங்களேன்" என்றேன்.

"அது சும்மா கத்தும் ஆன்ட்டி" என்றாள் கடைப்பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் சொல்லி முடிப்பதற்குள் திரை உறைந்துவிட்டது. அதை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். 'ஏதோ தவறு நடந்துவிட்டது. சற்று நேரத்தில் மீண்டும் முயலவும்' என்று அழகான எழுத்தில், பக்கத்தில் அழுகிற மூஞ்சி ஒன்றோடு, போட்டிருந்தது.

இப்போதெல்லாம் எல்லா இயந்திரமும் இப்படித்தான் குழைகிறது, கவனித்தீர்களா? வங்கி மெஷின் மன்னிப்புக் கேட்கிறது. போன் வருத்தம் தெரிவிக்கிறது. கரண்ட் பில் கட்டுகிற செயலி 'அச்சச்சோ' என்கிறது. என்ன நடந்தது என்பதை மட்டும் ஒன்றும் வாய் திறந்து சொல்லாது. ஏதோ என்றால் என்ன? ஒரு இலக்கத்தையாவது சொல்லித் தொலைத்தால் தெரிந்தவன் எவனாவது பார்ப்பான் அல்லவா? இதை எழுதினவனைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் நிற்க வைத்துக் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது என்பது வேறு விஷயம். இலக்கத்தைத் தூக்கிவிட்டு அழகான சொல்லைப் போடுகிற வேலையை இந்த ஊரில் முதலில் செய்தவள் நான்தான் என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். மாத்திரை வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் யாரோ கராம்பு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள், அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்.

கராம்பு, மிளகு, சாதிக்காய், வசவாசி. வசவாசி என்றால் சாதிக்காயைச் சுற்றிச் சிவப்பாக வலை மாதிரிப் பின்னியிருக்குமே, அது. தொண்ணூறுகளின் கடைசியில் அலுவிகாரைக்குப் போகிற வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்த ஒரு வாசனைச் சரக்கு ஸ்டோரில் எனக்கு வேலை. கீழே சரக்கு காய்கிற ட்ரையர், மேலே கந்தோர், அதாவது ஆபீஸ். அந்த வாசம் தலைமயிருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை குளித்தாலும் போகாது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குப் புரியாணி ஞாபகம் வந்து பெருமூச்சு வரும்.

ஸ்டோரின் பெரிய முதலாளிக்கு ஒரு மகன். நாங்கள் சின்னவர் என்போம். இரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஒரு டையும், ஒரு பெட்டி சீடியும், 'சிஸ்டம் வேணும்' என்ற ஒரே வசனமுமாக ஊர் திரும்பியிருந்தார். மிளகுக்கே வியர்க்கிற ட்ரையர் கொட்டகைக்குள் டை கட்டிக்கொண்டு நடந்த ஒரே மனிதர் அவர்தான். காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஒரு சீடியிலிருந்து ஏற்றிவிட்டு, ஸ்டோரை இருபத்தோராம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோய்விட்டதாக அறிவித்தார். மகன் மறுபடி பிளேன் ஏறாமல் இருந்தால் போதும் என்று பெரியவர் எதற்கும் தலையாட்டினார்.

அந்தச் சிஸ்டத்துக்கு ஆள் வேண்டுமே. நான் கண்டியில் ஒரு வருஷம் டிப்ளோமா படித்து, சீ மொழியில் புரோகிராம் எழுதக் கற்றிருந்தேன். சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தோம். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா முதலில் அதைக் காட்டுவார், அப்புறம்தான் உட்காரச் சொல்வார். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் போய்விட்டது. ஸ்டோரில் என் பெயரை ஒருவரும் சொல்லமாட்டார்கள், 'கம்ப்யூட்டர் மிஸ்' என்பார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். ட்ரையர் என்பது ஒரு பெரிய இரும்பு அறை. வெளியே விறகடுப்பு. சூட்டை உள்ளே தள்ள ஒரு காற்றாடி. கரண்டை நம்பி அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள்? காற்றாடிக்குத் தனியாக ஒரு டீசல் எஞ்சின் வைத்திருந்தார்கள். கரண்டில் ஓடியது கம்ப்யூட்டர் மட்டும்தான். அறைக்குள் சூடு பார்க்கிற கம்பிகள் கம்ப்யூட்டருக்கு வரும். அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் என் புரோகிராம் சூட்டைப் பார்க்கும். அளவுக்கு மேலே போனால் மணி அடிக்கும். மணி அடித்தால் கீழே இருக்கிறவர் விறகை இழுத்துவிட்டுக் காற்றுக் கதவைத் திறப்பார். அவ்வளவுதான்.

கீழே இருந்தவர் சவரிமுத்து அண்ணன். பலாபத்வலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, தினம் நடந்து வருவார். நாற்பது வயதிருக்கும். அடுப்பு எரிகிற சத்தத்தை வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு மணி அடிக்க ஒரு கம்ப்யூட்டர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

என் புரோகிராம் அடிக்கடி செத்துப்போகும். அது தானாகச் சாவதில்லை. இயங்குதளம் அதற்கு ஒரு சமிக்ஞை அனுப்பும், ஒவ்வொரு சமிக்ஞைக்கும் ஒரு இலக்கம் உண்டு. அந்த இலக்கத்தைப் பிடித்து வைக்க இன்னொரு சின்ன புரோகிராமைக் காவல் வைத்திருந்தேன். அது திரையில் 'நின்றது 11' என்று இலக்கத்தோடு காட்டும். பதினொன்று என்றால் புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைத்துவிட்டது, அதாவது என் பிழை. பதினைந்து என்றால் யாரோ முறைப்படி நிறுத்தச் சொன்னது. ஒன்பது என்றால் மண்டையில் ஒரே போடு, கேள்வி கிடையாது.

எனக்கு அந்த இலக்கங்கள் தேனாக இனித்தன. கீழேயிருந்து "மிஸ், பதினொன்னு" என்று குரல் வரும். நான் படியிறங்கி, எல்லாரும் வழிவிட, நாலு எழுத்தைத் தட்டிவிட்டு, ஒன்றும் விளக்காமல் படியேறுவேன். காலையில் பூசை வைக்கிற ஐயர்கூட அவ்வளவு மௌனமாக இருக்கமாட்டார்.

ஒரு நாள் கீழே போனபோது ட்ரையர் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், அந்தோனியார் படத்துக்குக் கீழே, வெள்ளைச் சோக்கால் ஒரு பட்டியல் எழுதியிருந்தது.

11 - மிஸ்
15 - மிஸ் நிப்பாட்டினது
2 - கை பட்டது
30 - கீச்

"என்னண்ணே இது?"

"ஒண்ணுமில்லங்க மிஸ். ஒவ்வொரு தரமும் ஒங்களக் கூப்பிட வேணாமேன்னு பாத்து எழுதிக்கிட்டேன். பதினஞ்சும் ரெண்டும்னா நானே தொடங்கிடுவேன்."

"அதென்ன கீச்சு?"

"தெரியாதுங்க. அந்தப் புதுப் பெட்டி வந்ததுக்கப்புறம் ரெண்டு தரம் இந்த நம்பர் வந்துச்சு. பெட்டி கீச்சுன்னு கத்தும். ஒடனே இது நின்னுடும்."

புதுப் பெட்டி என்றது யூபிஎஸ். கரண்ட் போனால் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்குகிற பேட்டரி. கண்டியிலிருந்து ஒருவர் வந்து மாட்டினார். அவருடைய புரோகிராம் ஒன்றையும் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, பிளேன்டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அது என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று தெரிந்துவிடுமே. முப்பது என்றால் என்ன என்றும் தேடிப் பார்க்கவில்லை. மேலே போய் ஸ்டோர் கீப்பர் ஜாபிர் நானாவிடம், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம், "நானா, சவரி அண்ணன் கம்ப்யூட்டருக்குக் கீச்சுன்னு அகராதி எழுதியிருக்காரு" என்றேன். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

பிறகு வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் பார்க்க வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. சின்னவர் ஸ்டோரைத் தலைகீழாக்கினார். பூச்சட்டி வந்தது. ஒருவரும் குந்தாத நாற்காலிகள் வந்தன. கீழே வந்து திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"மிஸ், இது என்ன நம்பர், நம்பர்னு? வர்றவங்க என்ன நெனைப்பாங்க? வாசிக்கிற மாதிரி வரணும். தமிழ்லயே வரட்டும். நம்ம ஆளுங்களுக்காக நாமளே செஞ்சதுன்னு சொல்லலாம். நம்பரே வேணாம், அசிங்கமா இருக்கு."

இங்கேதான் நீங்கள் என்னைக் கொஞ்சம் திட்ட வேண்டும். சீ மொழியில் இதற்கென்றே ஒரு செயல்கூறு இருக்கிறது. இலக்கத்தைக் கொடுத்தால் அந்தச் சமிக்ஞையின் விளக்கத்தைச் சொல்லாகத் தந்துவிடும். அந்த இயந்திரத்தில் எந்த இலக்கத்துக்கு என்ன பொருள் என்று அந்த இயந்திரத்துக்கே தெரியும். நான் செய்ய வேண்டியது அதைக் கேட்பது ஒன்றுதான், ஒரே வரி. கையேட்டில் அதை வாசித்தும் இருந்தேன். ஆனால் ஒரே வரி எழுதுகிறவளை யார் கம்ப்யூட்டர் மிஸ் என்பார்கள்? தவிர, அது இங்கிலீஷில் வேறு பேசும். 'நாமளே செஞ்சது' என்று எப்படிச் சொல்வது?

ஆகவே நானே பட்டியல் போட்டேன். கண்டியில் படித்தபோது போட்டோகொப்பி எடுத்த ஒரு புத்தகம் இருந்தது, அதன் கடைசியில் சமிக்ஞை இலக்கங்கள் வரிசையாக இருந்தன. அது வேறொரு ஜாதி இயங்குதளத்துக்கு எழுதிய புத்தகம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. முதல் பக்கத்தை யார் போட்டோகொப்பி எடுப்பார்கள், அதற்கும் காசுதானே. ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை தமிழாக்கி உட்கார்ந்து தட்டினேன். முப்பதுக்கு நேரே, பயன்படுத்துகிறவரின் சமிக்ஞை என்று புத்தகம் சொன்னது. பயன்படுத்துகிறவர் என்றால் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள்தானே என்று 'ஆள் நிறுத்தியது' என்று போட்டேன். சுருக்கமாக, தெளிவாக இருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது.

சோதித்தும் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. இரண்டு, ஒன்பது, பதினொன்று, பதினைந்து. எல்லாம் சரியாக வந்தது. இந்தச் சின்ன இலக்கங்கள் எல்லா இயங்குதளத்திலும் ஒன்றுதான், மேலே போகப்போகத்தான் ஒன்றுக்கொன்று மாறும். முப்பது வரைக்கும் யார் உட்கார்ந்து பார்ப்பது என்று எழுந்துவிட்டேன்.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். அந்தத் திரையில் தமிழ் எழுத்து வராது. ஆகவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினேன். சவரி அண்ணன் திரைக்கு முன்னால் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்ன எழுத்துங்க மிஸ்?"

"தமிழ்தான்ணே. இங்கிலீஸ் எழுத்துல இருக்கு."

"ஓ" என்றார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், இலக்கம் தெரியும், சிங்களம் பேசத் தெரியும். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அந்தத் திரையை வாசிக்க வேண்டியிருந்தது அந்த ஸ்டோரிலேயே அவர் ஒருவர்தான். அவருக்குப் புரிந்துகொண்டிருந்த ஒரே விஷயமான இலக்கத்தையும் எடுத்துவிட்டு, அதற்கு வாசிக்கிற மாதிரிச் செய்தது என்று பெயர் வைத்தோம்.

சுவரையும் விடவில்லை.

"அண்ணே, அந்தச் சோக்கு எழுத்த அழிச்சிருங்க. சின்னவர் ஏசுவாரு."

"அழிச்சுப்புட்டா எனக்கு எப்பிடிங்க மிஸ் தெரியும்?"

"இனி ஸ்கிரீனே சொல்லும்."

அவர் ஈரச் சாக்கால் துடைத்தார். சோக்கு எழுத்து லேசில் போகாது, மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. நான் பக்கத்தில் நின்று, "இன்னும் தெரியுதண்ணே, நல்லா அழிங்க" என்றேன். மறுநாள் அதற்கு மேல் சுண்ணாம்பும் அடிக்க வைத்தேன். வந்தவர்கள் ஐந்து நிமிஷம் திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, முந்திரிப்பருப்பு இருக்கிற தட்டுப் பக்கம் போய்விட்டார்கள்.

இரண்டு மூன்று கிழமை கழித்து ஒரு பகல். ட்ரையர் நிறைய வசவாசி. அது பொல்லாத சரக்கு, கொஞ்சம் சூடு கூடினாலும் கறுத்துப்போகும், அப்புறம் மாடுகூட முகராது. சவரி அண்ணன் கொட்டகைக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். மேலே எங்களுக்குத்தான் முதலில் தீய்ந்த நாற்றம் வந்தது. ஓடி வந்து கதவைத் திறந்தால் தட்டுத் தட்டாகக் கரி. மணி அடிக்கவே இல்லை. திரையில் என் தமிழ் நின்றது, ஆள் நிறுத்தியது என்று.

"யார் நிப்பாட்டினது?" என்றார் சின்னவர்.

"நான் தொடவே இல்லங்க சார். பெட்டி கீச்சுன்னு கத்திச்சு. என்னான்னு ஓடியாந்து பாத்தேன். என்னமோ எழுதியிருந்திச்சு, எனக்கு வாசிக்கத் தெரியல. நம்பரும் வரல, மணியும் அடிக்கல, இந்தத் தரம் ஓடுதாக்கும்னு திரும்பப் போய்ட்டேன்."

சின்னவர் என்னைப் பார்த்தார். "பெட்டி கத்தினா புரோகிராம் நிக்குமா மிஸ்?"

"ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல சார்" என்றேன். யோசிக்காமல், பட்டென்று, டிப்ளோமா பேசியது.

பழைய பதிவு முழுவதையும் அச்சடிக்கச் சொன்னார். பதிவில் இலக்கங்கள்தான் இருந்தன, என் பட்டியல் அவற்றைச் சொல்லாக மாற்றி அச்சடித்தது. முன்பு இரண்டு தரம் வந்த முப்பதும் சேர்ந்து, மொத்தம் மூன்று இடத்தில் ஆள் நிறுத்தியது, ஆள் நிறுத்தியது, ஆள் நிறுத்தியது. சின்னவர் தாளைத் தட்டிக் காட்டி, "நான் சொல்லல. கம்ப்யூட்டரே சொல்லுது" என்றார். இந்த வசனத்தை அதற்கப்புறம் எத்தனையோ பெரிய மனிதர்கள் வாயில் கேட்டுவிட்டேன்.

சவரி அண்ணனை வேலையை விட்டு நிறுத்தியதோடு விட்டிருந்தால் இதை நான் இன்று எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். அது யுத்த காலம், உங்களுக்குத் தெரியும். வேலை செய்கிறவர்களின் விபரம் கேட்டு பொலிஸ் வரும், அடையாள அட்டை இல்லாமல் தெருவில் இறங்க முடியாது, எங்கேயாவது குண்டு வெடித்தால் இங்கே பஸ்ஸில் நாங்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தக் கிழமை ஆட்களின் விபரம் பார்க்க வந்த பொலிஸ்காரர்களிடம் சின்னவர் அந்தத் தாளையும் நீட்டினார். நாச வேலையாக இருக்கலாம் என்றாராம். கேட்டார்கள், சொன்னேன் என்று பிறகு எங்களிடம் சொன்னார். சவரி அண்ணனுடைய தம்பி குடும்பம் எப்போதோ, சண்டை நடக்கிற வவுனியாப் பக்கம் குடிபோயிருந்தது. அங்கிருந்து வந்த கடிதங்கள் லயத்தில் இருந்தன. அது போதாதா? கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் மனைவி பிலோமினா தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். மத்தியானம் கூடையை இறக்கிவிட்டு, சேலைக்கு மேல் இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கோடு அப்படியே பஸ் ஏறி வந்து ஸ்டோர் கேட்டுக்கு வெளியே நிற்பார். மூன்று நாள் நான் பின்வாசலால் போனேன். நாலாம் நாள் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"மிஸ், அந்தத் தாள்ல என்னங்க எழுதியிருக்கு?"

"அவர்தான் நிப்பாட்டினார்னு இருக்குங்க. நான் சொல்லல, கம்ப்யூட்டர்ல வந்தது."

பிலோமினா சத்தம் போடவில்லை, அழவுமில்லை. "எந்தப் பாசையில எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"தமிழ்ல."

"மெசினுக்கு யாருங்க மிஸ் தமிழ் சொல்லிக் குடுத்தா?"

'நான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. சொன்னேன்.

"அப்ப நீங்கதானே மிஸ் எழுதினீங்க. மறுபடி ஒருக்கா பாருங்களேன்" என்றார். வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

ட்ரையர் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். இலக்கங்களை அந்த இயந்திரமே பட்டியலிட ஒரு கட்டளை உண்டு, அதைத் தட்டினேன். பிறகு ஐந்து வரியில் ஒரு புரோகிராம் எழுதி, நான் வேண்டாமென்று ஒதுக்கிய அந்தச் செயல்கூறிடம் முப்பதைக் கொடுத்தேன். மின்சாரம் தடைப்பட்டது என்று இங்கிலீஷில் இரண்டே சொல்லில் பதில் வந்தது. கண்டிக்காரரின் புரோகிராம் செய்தது அதுதான். கரண்ட் தளர்ந்ததும் பெட்டி கத்தும், அவருடைய புரோகிராம் மற்றதுக்கெல்லாம் முப்பதாம் இலக்கத்தை அனுப்பும், மூடிக்கொள்ளுங்கள் என்று. பகலில் விளக்கு எரியவில்லை, காற்றாடி டீசலில் ஓடியது, ஆகவே கரண்ட் தளர்ந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த இரண்டு சொல்லை இன்னொரு தாளில் அச்சடித்து எடுத்தேன்.

சின்னவரிடம் போனேன். கேட்டார், டையைச் சரிசெய்தார்.

"சரி, திருத்திருங்க. ஆனா இப்ப போய்ப் பொலிசில சொன்னா நம்ம சிஸ்டத்தப் பத்தி என்ன நெனைப்பாங்க? அவங்க விசாரிச்சிட்டு விட்டுருவாங்க மிஸ். பயப்படாதீங்க."

பயப்படாதீர்கள் என்று எனக்குச் சொன்னார், பாருங்கள். உள்ளே இருந்தது சவரி அண்ணன்.

ஜாபிர் நானாதான் பொலிசுக்குப் போவோம் வா என்றார். "நான் வாறன் தங்கச்சி. ஒங்கட சிங்களம் அங்க பத்தாது" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டார். கண்டிக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டுப் பார்த்தோம். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் எங்களை விரட்டவில்லை. உட்காரச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார், சிங்களத்தில். முதல் தாளை அடித்தது யார்? நான். இந்த இரண்டாவது தாளை? அதுவும் நான். முதல் தாள் பொய்யா? பொய்யில்லை, பிழை. அப்படியானால் இது பிழையில்லை என்று எப்படித் தெரியும்? நான் சமிக்ஞை, இலக்கம், புத்தகத்தின் முதல் பக்கம் என்று உளறிக்கொண்டிருந்தேன். ஜாபிர் நானா அதையும் மொழிபெயர்க்கப் பார்த்துக் களைத்துப்போனார்.

இன்ஸ்பெக்டர் இரண்டு தாளையும் ஒன்றாக அடுக்கி வைத்தார். சம்பவத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எதையும் அச்சடிக்கலாம், மிஸ் என்றார். அதற்கு முந்தியே, பெட்டி கத்தினால் இது நிற்கும் என்று யாராவது எங்கேயாவது எழுதி வைத்தது உண்டா? அப்படி ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்றார்.

ஜாபிர் நானா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சொல்லி அவரும் சேர்ந்து சிரித்த, பிறகு நானே சுண்ணாம்பு அடிக்க வைத்த சோக்குப் பட்டியல்தானே. நான் எழுதி வைத்துவிட்டு வந்த வாக்குமூலம் ஒரு கோவைக்குள் போனது. அதை யாராவது வாசித்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதினாலு மாதம் கழித்து, வழக்கு ஒன்றும் இல்லை என்று சவரி அண்ணனை விட்டார்கள். அதற்குள் நான் ஸ்டோரை விட்டுவிட்டேன். என்னைப் பெருமைப்படுத்தாதீர்கள், கொழும்பில் நல்ல வேலை கிடைத்தது, அதனால் விட்டேன். போவதற்கு முன் என் பட்டியல் முழுவதையும் அழித்துவிட்டு அந்த ஒரு வரியைப் போட்டேன், இலக்கத்தையும் பக்கத்திலேயே காட்டச் செய்தேன். வாசிக்க அங்கே யாரும் இருக்கவில்லை.

சவரி அண்ணனும் பிலோமினாவும் தோட்டத்தை விட்டு நாவுலப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டு, ஒரு விடுமுறையில் தேடிக்கொண்டு போனேன். உறவுக்காரருடைய நிலத்தில் போஞ்சி, அதுதான் பீன்ஸ், போட்டிருந்தார்கள். சவரி அண்ணன் மெலிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். காரணத்தை நான் கேட்கவில்லை. பிலோமினா பிளேன்டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார், அப்புறம் வெளியே வரவில்லை.

"அண்ணே, அது என்னோட தப்பு" என்றேன். பஸ்ஸில் வரும்போது பெரிதாகப் பேசக் கட்டி வைத்திருந்தேன், அவ்வளவுதான் வந்தது.

"தெரியுங்க மிஸ். பிலோமினா சொன்னா." போஞ்சிக் கொடி ஒன்றை எடுத்துக் கம்பில் சுற்றிவிட்டார். அடுத்த கொடியை எடுத்தபடி, "அந்தப் பெட்டி இன்னமும் கத்துதுங்களா?" என்று கேட்டார்.

"கத்தும்ணே, இருக்கும்."

"யாராச்சும் போய்ப் பாக்கறாங்களா?"

கடைசி பஸ் இருக்கிறது என்று எழுந்தேன். ஒரு பை நிறைய போஞ்சி கட்டிக் கொடுத்தார். கொழும்புக்குப் போகிற வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. நாவுலயிலும் அவர்கள் இல்லை, வவுனியா என்றார்கள், அங்கே விசாரிக்கக்கூட முடியாத வருஷங்கள் வந்தன. சின்னவர் மறுபடி பிளேன் ஏறிவிட்டார். ஜாபிர் நானா மௌத்தாகிப் பல வருஷம் ஆகிறது.

ஸ்டோரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன வருஷம் ஒரு தரம் போய் நின்றேன். கூரை இறங்கியிருந்தது, ட்ரையரை இரும்புக்கு எடுத்துப் போயிருந்தார்கள். வாசனைகூட இல்லை, சிமெந்துத் தூள்தான் மூக்கில் ஏறியது. கதவுப் பக்கத்துச் சுவர் மட்டும் மறுநாள் இடிப்பதற்காக நின்றுகொண்டிருந்தது. அந்தோனியார் படம் மாட்டியிருந்த ஆணியை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தேன். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காகக் கழன்று வந்தது. வேலையாட்கள் கிழவிக்குப் பைத்தியம் என்று பார்த்துக்கொண்டிருக்க, நகத்தால் சுரண்டினேன். பதினொன்று இல்லை, பதினைந்து இல்லை, முப்பதும் இல்லை. வெறும் சுவர்தான். பக்கத்தில் நின்று நல்லா அழிங்க என்று சொன்னேன் அல்லவா, அண்ணன் நன்றாகத்தான் அழித்திருந்தார்.